மந்திரியை வெட்டிய நோட்டீஸ்

நடுவில் தீப்பெட்டி அளவுக்குச் சதுர ஓட்டை விழுந்த மஞ்சள் நோட்டீஸ் ஒன்று என் அலமாரியில் இன்னும் இருக்கிறது. ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். எண்பதுகளில் திருவனந்தபுரத்தில் ஓர் அரசு விளம்பர அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். அந்த ஓட்டையைப் போட்ட புண்ணியவான்களில் நானும் ஒருவன்.

எங்கள் சூப்பிரண்டு மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த நோட்டீஸ் வந்தாலும் மந்திரியின் படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மீதியைப் படிப்பார். ஜனங்களுக்குத் தெரிய வேண்டியது ஏதாவது மிச்சமிருந்தால் கையெழுத்து விழும். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போகும். அரசு செய்ததைச் சொல்வது எங்கே முடிகிறது, கட்சிக்கு ஓட்டுக் கேட்பது எங்கே தொடங்குகிறது என்பது எனக்கு இன்றும் முழுதாகப் பிடிபடவில்லை. அவர் எப்படித்தான் கண்டுபிடித்தாரோ!

போனக்காடு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான தடுப்பூசி முகாம் நோட்டீஸ் அச்சாகி, ஜீப்பில் ஏற்றப்போகும் நேரத்தில் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. மலையாளப் பக்கத்தில் மந்திரி சிரித்துக்கொண்டிருந்தார்.

“எடோ, சர்க்கார் பைசாவில ஓட்டுப் பிடிக்கக் கூடாதுன்னு விதி உண்டு. முகாம் நடக்கட்டும். இந்தச் சிரிப்பு மலைக்குப் போகண்டா, கேட்டோ” என்றார் மேடம்.

மறுபடி அச்சடிக்க நேரமில்லை. ஆளுக்கொரு பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, கட்டுக் கட்டாக மந்திரியை வெட்டி எடுத்தோம். தாளைத் திருப்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜீப் கிளம்பிப் போன பிறகு, மிஞ்சிய ஒரு தாளைச் சும்மா புரட்டினேன். தமிழ்ப் பக்கத்தில் அதே இடத்தில்தான் முகாமின் நாளும் இடமும் இருந்திருக்கின்றன. இப்போது அங்கே ஓட்டை.

தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், குடியிருந்தவர்கள் படிப்பது தமிழ் மட்டும். எங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். மேடத்திடம் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

“வியாழக்கிழமைக்கு இனி ரெண்டு நாள்தானே உள்ளது? பிள்ளைகள் வரலேன்னா, விதியைக் காத்து என்ன பிரயோஜனம்?” என்றவர், மறுநாள் முதல் பஸ்ஸில் என்னையும் இழுத்துக்கொண்டு மலையேறிவிட்டார்.

லயம் லயமாக ஏறி இறங்கினோம். கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு பெண் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். தேர்தல் நேரத்தில் பட்டணத்து ஆட்கள் எதற்கு வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

“ஓட்டு யாருக்குப் போடச் சொல்லுதிய?” என்று நேராகவே கேட்டாள்.

“ஓட்டு உங்க இஷ்டம். வியாழக்கிழமை பிள்ளையை டிஸ்பென்சரிக்குக் கொண்டு வரணும். அத்ரயே உள்ளூ, அவ்வளவுதான்” என்றார் மேடம்.

“இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்திய? உங்க பேரு என்னம்மா? யாரு சொன்னான்னு கேட்டா சொல்லணும்லா?”

“பேரு வேண்டாம். வியாழக்கிழமை. அதை மட்டும் ஓர்மை வச்சுக்கோ.”

இன்று திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் நெடுஞ்சாலையில், விளம்பரப் பலகைகளில் மாடி உயரத்துக்குச் சிரிக்கும் மந்திரி முகங்களைக் கடக்கும்போது எனக்கு அந்தப் பதில்தான் ஞாபகம் வருகிறது. எரிச்சலும் வருகிறது, மறைப்பதற்கில்லை.

வியாழக்கிழமை டிஸ்பென்சரி வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் அந்தப் பெண், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. நாள் இல்லாத நோட்டீஸைப் பார்த்து எப்படி வந்தீர்கள் என்று நர்ஸ் கேட்டிருக்கிறார்.

“பேரு சொல்லாத ஒரு அம்மா வந்துச்சு. அதான் நம்பி வந்தோம்” என்றாளாம்.