மில்லுக்காரர் கிணறு

காலர் மைக் பழுது என்று திருப்பதி ஸ்டுடியோவில் இன்று செய்தி வாசிக்க உட்கார்ந்த என் முன்னால் ஒரு பழைய மேசை மைக்கை வைத்தார்கள். இரும்பும் எச்சிலும் கலந்த அந்த வாடை என்னை எழுபதுகளின் சித்தூருக்கு இழுத்துப் போய்விட்டது.

அம்மாவுக்கு முனிசிபாலிட்டி சுகாதாரப் பிரிவில் வேலை. காலரா வந்தால் ஜட்காவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். எதையும் தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை சொல்வாள். அவள் மடியில் இருந்த என் மூக்கருகே மைக்.

"மில்லுக்காரர் கெணத்துத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க!"

மில்லுக்காரரே வந்து குதிரையை மறித்தார். "கெணத்துத் தண்ணின்னு மட்டும் சொல்லிக்கினு போம்மா. என் பேரு எதுக்கு?"

"பேரு சொல்லலன்னா எந்தக் கெணறுன்னு ஜனங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்ற அம்மா, அவர் முகத்துக்கு நேராகவே தெலுங்கிலும் சொல்லி முடித்தாள்.

"மேடம், ஓட்டல் பேரு மட்டும் வாணாம். நமக்கு விளம்பரம் குடுக்கறவங்க," என்று இன்று ஸ்டுடியோவில், என் காதில் மாட்டியிருந்த இயர்போன் வழியாகத் தயாரிப்பாளர் கெஞ்சினார். திருமலை அடிவாரத்தில், அலிபிரி பக்கத்திலிருந்த அந்த ஓட்டலில் சாப்பிட்ட பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பேரோடுதான் வாசித்தேன், தெலுங்கில்.

எங்கள் சேனலில் தமிழ்ச் செய்தி கிடையாது. ஆனால் மலையேற வருகிறவர்களில் எத்தனையோ பேர் தமிழர்கள். கேமராவை நேராகப் பார்த்து, அதே பேரைத் தமிழிலும் ஒருமுறை சொன்னேன்.