நான்கு டயரும் ஒரு கல்லும்

போன புதன்கிழமை மாலை. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. வசந்தி காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். சாவியை ஆணியில் மாட்டினாள்.

"ஏழாவது வளைவுல வண்டி கொஞ்சம் வழுக்குச்சு" என்றாள். அப்புறம், "பால் வாங்கினீங்களா?" என்றாள்.

இரண்டையும் ஒரே குரலில் சொன்னால் நான் எதற்குப் பதில் சொல்வது?

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வசந்தி என் மனைவி. வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். போன வருஷம் ஜூனில் டிரான்ஸ்பர் வந்ததிலிருந்து தினமும் கள்ளக்குறிச்சியிலிருந்து காரில் போய் வருகிறாள். கச்சிராயபாளையம் வரைக்கும் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். அதற்கப்புறம் மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம்... அதைப் பற்றி நான் யோசிப்பதில்லை. யோசித்தால் ஒரு வரி எழுத ஓடாது.

கார் ஓட்டுவது அவள். காரைப் பராமரிப்பது நான். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் எழுதப்படாத ஒப்பந்தம் இது. எனக்கும் ஓட்டத் தெரியும் — சமதளத்தில், எதிரே யாரும் வராதபோது.

பாலை மறந்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். முன்பக்கம், இடதுபுற டயர். உள் ஓரத்தில் ரப்பர் பட்டன்கள் நன்றாகத்தான் இருந்தன. வெளி ஓரத்தில்? தடவினால் வழுக்கைத் தலை மாதிரி மொழுமொழுவென்று இருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் குழப்பம் அதிகமாக இருந்தது. ஏனென்றால், இந்த ஒரு வருஷத்தில் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே அதிகமாக இடம் மாற்றப்பட்ட டயர்கள் எங்கள் காருடையவைதான்!

கதை பொங்கலுக்கு ஆரம்பித்தது. அன்றைக்கும் இதே இடது முன் டயர்தான் ஓரம் தேய்ந்திருந்தது. சேலம் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் சாதிக் பாயிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"முன்னாடி டயரு எப்பவும் ஜாஸ்தி தேயும் சார். இன்ஜின் வெயிட்டு, பிரேக்கு, ஸ்டியரிங்கு... அல்லாம் அது தலையிலதான். பின்னாடி டயருக்கு வேலை கம்மி. அத்த முன்னாடி போட்டு இத்தப் பின்னாடி போட்டா, நாலும் ஒண்ணா தேஞ்சிக்கினு வரும்."

எவ்வளவு நியாயமான பேச்சு! அலுவலகங்களில் இந்த நியாயம் இருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும். முன்னால் இருந்தவை பின்னால் போயின. பின்னால் இருந்தவை முன்னால் வந்தன.

கிளம்பும்போது பாய் இன்னொன்றும் சொன்னார். "இது ஒரு ஓரமா தேஞ்சிருக்குது சார். சக்கரம் நேரா நிக்குதான்னு அலைன்மென்ட்டு பாத்துடணும். இன்னிக்கு மெஷினு ரிப்பேரு. நாளைக்கு வாங்க."

"கட்டாயம் வரேன் பாய்" என்றேன். நான் போகவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

ஜூன் வந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. மலையில் மழை என்றாள் வசந்தி. நான் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒருவர், கையில் குச்சி வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். மழைக்காலத்தில் நல்ல டயர்கள் பின்னால்தான் இருக்க வேண்டுமாம். முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரிந்துவிடுமாம். பின் டயர் வழுக்கினால் வண்டியே பம்பரமாகிவிடுமாம்.

பம்பரமா? அந்தப் பாதையிலா? அன்றைக்கே முன்னால் இருந்த நல்ல டயர்களைப் பின்னால் மாற்றிவிட்டேன்.

ஆடி பதினெட்டுக்கு என் மச்சான் வந்தான். வசந்தியின் தம்பி. உளுந்தூர்பேட்டையில் இரண்டு லாரி வைத்து ஓட்டுகிறான். சாப்பிட உட்காருவதற்கு முன்னால் காரை ஒரு சுற்று சுற்றி வந்தான். முகம் மாறியது.

"இன்னா மாமா இது? நல்ல டயர பின்னாடி போட்டு வச்சிக்கினு? எந்த லாரியிலயாவது பாத்திருக்கிறீங்களா? புது டயருன்னா முன்னாடிதான். முன்னாடி வெடிச்சா ஆளு காலி. அக்கா மலையேறுறா, உங்களுக்கு வெளையாட்டா இருக்குது!"

வேட்டியை மடித்துக்கட்டி, ஜாக்கி போட்டு, வடை ஆறுவதற்குள் மாற்றிவிட்டான்.

இப்போது நான் யாரை நம்புவது? குச்சி வைத்திருந்தவர் படித்தவர் மாதிரி இருந்தார். மச்சானோ இருபது வருஷமாக நெடுஞ்சாலையிலேயே கிடப்பவன். ஊரைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள் என்பார்களே, அது டயருக்கும் பொருந்தும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஆயுத பூஜை சமயத்தில் தானியக் கடைக்குப் போனேன். வெள்ளிமலையிலிருந்து சாமை மூட்டை இறக்க வந்த ஜீப் டிரைவர் ஒருவர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். மலையிலேயே ஓட்டுகிறவர். இவரை விட்டால் யாரைக் கேட்பது?

"முன்னாடி பின்னாடின்னு நேரா மாத்தினா ஆவாது சார். குறுக்கால மாத்துங்க. இந்தப் பக்கம் முன்னாடி இருக்கறது அந்தப் பக்கம் பின்னாடி."

குறுக்காகவும் மாற்றினேன்.

ஆக, பாய் ஒரு முறை, வீடியோ ஒரு முறை, மச்சான் ஒரு முறை, ஜீப் ஒரு முறை. நான்கு மாற்றம். அதற்கப்புறமும் ஏழாவது வளைவில் வண்டி வழுக்குகிறது என்றால் என்ன அர்த்தம்?

புதன்கிழமை மழையில் நனைந்தபடியே நான்கு டயர்களையும் தடவிப் பார்த்தேன். சாக்பீஸால் நம்பர் போட்டு வைத்திருந்தேன். பூஜைக்குக் கழுவியதில் அது போய்விட்டது. ஆனால் நம்பர் தேவைப்படவில்லை. மூன்று டயர்களில் அதே வெளி ஓரம், அதே மொழுமொழு. ஒன்று மட்டும் நன்றாக இருந்தது. அது ஒன்றுதான் இதுவரை இடது முன்பக்கம் போகாத டயர்.

கொஞ்சம் நேரம் பிடித்தது எனக்கு விளங்க. தப்பு டயரில் இல்லை. அந்த இடத்தில் இருக்கிறது. யார் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அப்படித்தான் ஆகிறார்கள் — இதை நான் வேறு சில நாற்காலிகளிலும் பார்த்திருக்கிறேன். நோய்க்கு வைத்தியம் பார்க்காமல், வருஷம் முழுக்க அதை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவளைப் பஸ்ஸில் அனுப்பினேன். சனிக்கிழமை இரண்டு பேருமாகப் பாய் கடைக்குப் போனோம். மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு மறுநாளிலிருந்தே ஓடுகிறதாம். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பாய் காரைத் தூக்கி அடியில் டார்ச் அடித்தார். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"எங்கனாச்சும் இடிச்சீங்களா டீச்சர்? உள்ள சக்கரத்தப் புடிச்சிருக்கிற ராடு வளைஞ்சிருக்குது."

"இல்லையே பாய். எங்கயும் இடிக்கல."

"ரிம்மு பூரா அடி வாங்கியிருக்குதும்மா. ஒரு நாள் அடி இல்ல. டெய்லி எத்து மேலயோ மோதிக்கினே இருந்த மாதிரி இருக்குது."

"ஓ, அதுவா?" என்றாள் வசந்தி. "டெய்லி கல்லுல முட்டித்தான நிறுத்துறேன். இவர்தான் சொன்னாரு."

பாய் என்னைப் பார்த்தார். கடையில் பஞ்சர் ஒட்ட வந்திருந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னது உண்மைதான். போன வருஷம், டிரான்ஸ்பர் ஆர்டர் வந்த வாரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்க்க இருவரும் போயிருந்தோம். பள்ளிக்கூட வாசல் நல்ல சரிவு. மலையில் நிற்கும் ஜீப் ஒவ்வொன்றின் டயரிலும் ஒரு கல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். எனக்கு அன்றைக்கு இரவு தூக்கமில்லை. "ஹேண்ட் பிரேக்கை நம்பாத. ஜீப்காரங்க மாதிரி, ஸ்டியரிங்கை ஒடிச்சு, டயரைக் கல்லுல நல்லா முட்டி நிறுத்து. தொம்முன்னு சத்தம் கேக்கணும்" என்று மறுநாள் காலையில் சொன்னேன்.

"சார்... மலையில வண்டிய நிறுத்திட்டு, எறங்கி வந்து, கையால கல்ல எடுத்து வைப்பாங்க. யாரும் போயி கல்லுல மோத மாட்டாங்க" என்றார் பாய். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் அதிகம் வலித்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அவள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று நான் சொன்ன ஒரே யோசனை, தினம் ஒரு தொம்மாக, அவளை ஏழாவது வளைவில் கொண்டுபோய் வழுக்கவிட்டிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. டயர் கடையில் அழுவது எப்படி என்று தெரியாமல் காற்று நிரப்பும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரும் வழியில் கேட்டேன். "ஜீப்காரங்க கையாலதான் கல்லு வைக்கிறாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"முதல் நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் முட்டின?"

"நீங்க பயந்தீங்க. சாயங்காலம் வந்ததும் 'முட்டினியா, சத்தம் கேட்டுச்சா'ன்னுதான் மொதல்ல கேப்பீங்க. பொய் சொல்ல மனசு வரல." முன்னால் போன கரும்பு டிராக்டரைத் தாண்டினாள். அப்புறம் சொன்னாள். "வண்டி இடது பக்கமா இழுக்குதுன்னு எனக்குப் பொங்கல்லேர்ந்தே தெரியும். பாய், என் தம்பி, வீடியோ, ஜீப்காரருன்னு ஊரையே கேட்டீங்க. நீங்களே பாத்துக்கறீங்கன்னு நெனச்சேன். ஆனா ஓட்டற என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றக்கூட இல்லை. அதுதான் இந்த வாரம் முழுக்க எனக்கு விளங்காத குழப்பம். காய்ச்சல் வந்தவரை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் "எங்கே வலிக்கிறது?" என்று விசாரித்துக்கொண்டு எத்தனை வீட்டில், எத்தனை விஷயத்தில் அலைந்துகொண்டிருக்கிறோம்?

திங்கட்கிழமை நானும் அவளோடு மலைக்குப் போனேன். புது ராடு, புது டயர்கள். ஏழாவது வளைவில் என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. அவள் கியரைக் குறைத்து, ஹாரன் அடித்து, சர்வசாதாரணமாகத் திருப்பினாள். பள்ளிக்கூட வாசலில் சத்தமில்லாமல் வண்டி நின்றது. நான் இறங்கினேன். கல்லைத் தூக்கி டயரடியில் வைத்தேன். வாசலில் நின்ற பிள்ளைகள், டீச்சருக்குப் புதிதாக ஒரு கிளீனர் கிடைத்துவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் டயர்களை இடம் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார் பாய். நேராகவா, குறுக்காகவா? நல்லது முன்னாலா, பின்னாலா? எனக்கு இன்னமும் தெரியாது. தயவுசெய்து வாசகர்கள் யாரும் யோசனை எழுதி அனுப்ப வேண்டாம் — வசந்தியைக் கேட்டுக்கொள்கிறேன்.