ஒரே குடும்பத்துச் சபை

கண்டியில் நான் போகும் ஆலயத்தில் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் மூன்று மொழிகளில் பாடுகிறார்கள். வலப்பக்கத்துக்காரர் சிங்களத்தில், இடப்பக்கத்து அம்மா ஆங்கிலத்தில், நடுவில் நான் தமிழில். இரண்டு ஆண்டாகியும் பழகவில்லை. நம் பாளையங்கோட்டையில் ஒருவர் ஒரு சொல் முந்திவிட்டாலே பாடகர் குழுத் தலைவர் திரும்பி முறைப்பார். இங்கே யாரும் யாரையும் முறைப்பதில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஆயுளெல்லாம் முறைத்தே பிழைத்தவனுக்கு இது பெரிய சோதனை.

மனைவி இறந்த பிறகு, இங்கே வாழ்க்கைப்பட்ட மகளோடு வந்து சேர்ந்தேன். ஊர்ச் சபையில் முத்திரை வைத்து வாங்கிய மாறுதல் கடிதத்தைச் செயலாளரிடம் கொடுத்தேன். பிரிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்றார். கடிதம் இந்நேரம் சலவைக்கும் போயிருக்கும். ஆனால் எனக்கு விதிமுறை தெரியும் என்பது மட்டும் பரவிவிட்டது. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்தை மூடலாமா என்று பார்த்து அறிக்கை எழுத அனுப்பினார்கள். ஐந்து குடும்பங்களுக்குக் குறைந்தால் மூடலாம் என்பது விதி. நல்ல விதி. ஊரில் இப்படி இரண்டை மூடச் சொல்லி நானே எழுதியிருக்கிறேன்.

ஞாயிறு காலை, வளைவுக்கு வளைவு ஒருக்களித்துச் சாய்ந்த பஸ்ஸில் போய் இறங்கினேன். ஆலயத்தைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தவர் புஷ்பம், கொழுந்து பறிப்பவர்.

"எத்தனை குடும்பம்?"

"எங்க ஒரு குடும்பந்தாங்க ஐயா. நானும் தங்கச்சியும். அவ குவைத்ல இருக்கா."

"அப்படின்னா நீங்க ஒரு ஆளுதான்."

"மூடிராதீங்க ஐயா. சித்த உக்காருங்க, ஆளுக வந்துருவாங்க."

உறுப்பினரே இல்லாத சபைக்கு எந்த ஆள் வரும் என்று எரிச்சலோடு உட்கார்ந்தேன். வந்தார்கள். நெற்றியில் திருநீறோடு, லயம் எனும் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள். தொப்பியோடு, எல்லோரும் 'நானா' என்றழைக்கும் கடைத்தெரு முஸ்லிம் ஒருவர். வாசற்படி வரை நிறைந்தது. புஷ்பம் ஒரு கொப்பியைத் திறந்து, வெளிநாட்டில் வேலைக்குப் போனவர்களின் பெயர்களை வாசித்தார். சுமதி, ரியாத். காளியம்மா, ஜோர்தான். ரிஸ்வான், கத்தார். "பத்திரமா கொண்டாந்து சேர்த்துரு ஆண்டவரே." ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானா மட்டும் ஆமீன்.

முடிந்ததும் கேட்டேன்: "இவங்க யாருமே கிறிஸ்தவங்க இல்லையேம்மா!"

"அது நான் கேக்கலீங்க. பேரத்தான் கேட்டேன்."

"ஒங்க படிவத்துல எங்கள எந்தக் கட்டத்துல போடப்போறீங்க சேர்?" என்று நானா சிரித்தார்.

குவைத்திலிருந்து தங்கையின் போன் வருவது நின்றபோது, புஷ்பம் தனியாக வந்து அந்த ஒரு பெயரைச் சொல்லத் தொடங்கினாராம். பக்கத்து வீட்டுக்காரி, "எம் மக பேரையும் சேத்துச் சொல்லுடி" என்றாளாம். அவ்வளவுதான் தொடக்கம்.

"தங்கச்சி பேசிட்டாளா?"

"மத்தவங்க புள்ளைங்கள்லாம் பேசிருச்சுங்க. அவ இன்னும் இல்ல. வந்தா கதவு தொறந்திருக்கணும்ல?"

என் விசுவாசம் ஞானஸ்நானச் சான்றிதழோடு கோப்பில் பத்திரமாக இருக்கிறது. பத்திரமாக இருப்பதைத் தவிர அது இதுவரை ஒன்றும் செய்ததில்லை. படிவத்தை எடுத்தேன். உறுப்பினர் குடும்பம்: ஒன்று. பொய் எழுத என் கைக்குத் தெரியாது. பரிந்துரை: மூட வேண்டாம். காரணத்துக்கு நான்கு வரி விட்டிருந்தார்கள். வாழ்நாளில் முதன்முறையாகக் காரணம் எழுதாமல் கையெழுத்திட்டேன். செயலாளர் இதையும் பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டால் ஆலயம் பிழைத்தது.

"ஒங்க வீட்ல யாரும் தூரத்துல இருக்காங்களா ஐயா?" புஷ்பம் கொப்பியோடு நின்றார்.

மகள் பக்கத்தில்தான் இருக்கிறாள். மனைவி எந்தக் கொப்பிக்கும் எட்டாத தூரத்தில். யோசித்து, என் பெயரையே சொன்னேன். அவர் வியப்படையவில்லை; எழுதிக்கொண்டார்.

"எந்த ஊருன்னு போடட்டும்?"

கண்டி என்று சொல்ல வாய் வரவில்லை. பாளையங்கோட்டை என்றால் அங்கே வீட்டை விற்றாயிற்று. காலியாக விட்ட ஒரு கட்டத்துக்காக அலுவலகத்தில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்!

"அத விட்ருங்கம்மா" என்றேன்.

கலையத் தொடங்கியவர்கள் நின்றார்கள். புஷ்பம் என் பெயரை வாசித்தார். ஊர் வர வேண்டிய இடத்தில் சற்று நிறுத்தினார். அந்த வெற்றிடத்துக்கும் சேர்த்து எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.