மிளகாய் நெடி

கனடாவில் கழுவாத தட்டுக்கு எறும்பு வருவதில்லை. எங்கள் காமயகவுண்டன்பட்டியில் ஒரு பருக்கை சிந்தினால் போதும், திரும்பிப் பார்ப்பதற்குள் சாரை பிடித்து வந்துவிடும்; அதற்குப் பயந்தே கழுவிவிடுவோம். இங்கே தட்டுகள் அது பாட்டுக்குத் தொட்டியில் காய்ந்து கிடக்கின்றன. எறும்பும் கேட்பதில்லை, பக்கத்து வீட்டாரும் கேட்பதில்லை. குளிப்பது, தலை சீவுவது, துணி மடிப்பது எல்லாம் இதே கதிதான். ஆபீஸ் வேலையை மட்டும் லேப்டாப்பில் எப்படியோ முடித்துவிடுவேன். சோம்பேறி என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். டிப்ரஷன் என்றார் டாக்டர்.

"வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள்?" என்று அவர் கேட்டார். அம்மா, அப்பா, தம்பி என்றேன். வீடு என்றால் எனக்கு இன்னும் அதுதான். "நல்லது, பாத்திரங்களை அவர்கள் கழுவட்டும்" என்றார். அவர்கள் இருப்பது ஊரில் என்று திருத்திச் சொல்லத் தெம்பில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாத்திரை கொஞ்சம் கேட்டது. காலையில் எழுந்து பல் துலக்க முடிந்தது. ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை. அந்தக் கருமத்தை விட்டுவிடு என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். வீடியோ காலில் முகத்தை மட்டும் காட்டிப் பேசிச் சமாளித்தேன். ஒரு சனிக்கிழமை காலை, அங்கே விளக்கு வைக்கிற நேரம், தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா அசரவில்லை. "அடி ஆத்தி, இது கண்ணுடி. நீ காரு வாங்குன போட்டோவ ஊரு பூராம் காட்டுனேன்ல, என்னையச் சொல்லணும். மாத்திரையும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். அசையாம உக்காரு."

போனைக் குடத்தில் சாய்த்து வைத்து, உப்பையும் மிளகாய் வத்தலையும் கையில் எடுத்து என் முகத்தைச் சுற்றினாள். "துப்புடி" என்றாள். கனடாவிலிருந்து துப்பினேன். என் போன் நனைந்ததுதான் மிச்சம்.

எல்லாவற்றையும் அடுப்பு நெருப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி வராது. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு டெஸ்ட் கிடையாது. வரக் கூடாதே என்று அவளும், வந்து தொலைக்க வேண்டுமே என்று நானும் காத்திருந்தோம்.

அம்மா ஒரு தும்மல் போட்டாள். பிறகு இருமல். அடுப்படி புகைந்து ஸ்கிரீனில் அவள் முகமே மங்கிவிட்டது. "என்னத்தடி கருக்குற?" என்று உள்ளேயிருந்து அப்பா கத்தினார்.

"நெடி ஏறுதேடி" என்றாள் அம்மா, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "அப்பக் கண்ணு இல்ல போல." அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று தெரிந்தது. பாவமாக இருந்தது.

"டாக்டரு என்ன சொன்னாக? மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

"பின்னம்மா."

"அப்ப மொதல்ல சாப்புடு. நான் பாக்கச் சாப்புடு. போனை வச்சுராத."

ரொட்டியை எடுத்து மென்றேன். அவளுக்கு இருமி மாளவில்லை. ஆனாலும் நகராமல், நான் விழுங்குகிறேனா என்று புகைக்குள்ளேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்படி மூச்சு முட்டுகிறதே என்று பதறி எழுந்து போய், இங்கே என் அறை ஜன்னலைத் திறந்துவிட்டேன்.