பூட்டு ஆட்டுக்கு

ஐப்பசி 9, ஞாயிறு.

காலை 7.10: மோட்டார் அறையின் கதவு நிலையில் உள்ள ஆணியில் சாவி இல்லை. கதவு பூட்டியிருந்தது.

7.25: பன்னிரண்டு வீடுகளிலிருந்து பத்துப் பேர் கூடினர். சாவியை எடுத்ததாக எவரும் கூறவில்லை.

8.40: மேல்நிலைத் தொட்டி காலியானது.

9.05: மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கதவு பூட்டியே இருந்தது. இயக்கியதாக எவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

10.30: தெரு நலச் சங்கம் அமைப்பதென்றும், என்னைத் தலைவராக்குவதென்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. என் மனம் அந்த ஒருமனத்தில் சேரவில்லை.

10.50: சங்கத்தைப் பதிவு செய்வதற்கான படிவம் என் கையில் தரப்பட்டது.

இதை எழுதி முடித்து, வழக்கம்போல் உரக்கப் படித்துக் காட்டுவதற்காகச் சமையலறைப் பக்கம் திரும்பினேன். பிறகு தாளை மடித்து வைத்தேன்.

அந்த ஆணியை அடித்தவள் என் மனைவி. நான் கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள மாணவர்களுக்கு முப்பத்தொரு ஆண்டுகள் அரசியல் அறிவியல் கற்பித்தவன். அரசு ஏன் தோன்றியது, அதற்கு நாம் ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்ற இரண்டு அலகுகளையும் குறிப்பேடு இல்லாமல் நடத்தக்கூடியவன். அவள் கல்வராயன் மலையில் கிராமச் செவிலியராக இருந்தவள். அரசாங்கம் என்ற ஒன்று தேவையே இல்லை என்பது அவளுடைய உறுதியான கொள்கை. அந்தக் கொள்கையை அரசுச் சம்பளத்தில், அரசுச் சீருடையில், அரசு தந்த தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைப்பிடித்தாள். இதிலுள்ள முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியபோது, ஊசி போடுவது தான்தான் என்றும், அரசாங்கம் இதுவரை ஒரு குழந்தைக்கும் ஊசி போட்டதாகத் தனக்குத் தெரியவில்லை என்றும் பதில் சொன்னாள்.

எங்கள் திருமண வாழ்க்கை இந்த ஒரு விவாதத்தின் மீது நின்றது. மனிதர் இயல்பில் தன்னலமிக்கவர், கட்டுப்படுத்த ஒரு தலைமை இல்லையேல் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வர் என்பேன். அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்பாள்: “மனுசன் எல்லாம் கெட்டவன்னு சொல்றீங்க. அப்போ அந்தக் கெட்டவன்ல ஒருத்தனப் புடிச்சி மேல குந்த வச்சா மட்டும் நல்லவனாயிடுவானா, வாத்தியாரே?” நான் பேராசிரியர். விவாதத்தில் வெல்லும் நேரங்களில் மட்டும் அவள் என்னை வாத்தியார் என்பாள். ஆகையால் பெரும்பாலும் வாத்தியாராகவே இருந்தேன்.

ஒரு நாட்டில் வாழ்வதே அதன் ஆட்சிக்கு நாம் தரும் ஒப்புதல் என்ற கோட்பாட்டை ஒருமுறை விளக்கினேன். அவள் கீரையை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நானுந்தான் இந்த வூட்ல இருக்கறேன். அதுக்காக உங்க மீசைய நான் ஒத்துக்கினேன்னு அர்த்தமா?” அடுத்த வாரம் மீசையை எடுத்துவிட்டேன். வாதத்தில் தோற்றதால் அன்று. நரை தெரியத் தொடங்கியிருந்தது.

அவளிடம் நூல்கள் இல்லை. சான்றுகள் இருந்தன. முதற்சான்று பேருந்து நிலையத்தில் கிடைத்தது. பேருந்து வந்து நிற்கும் முன்பே சன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே போய் விழும். இருக்கை துண்டுக்குரியவருடையது. எந்தச் சட்டத்திலும் இல்லாத இந்த உரிமையை, முன்பின் அறியாத ஐம்பது பேர் மதிக்கிறார்களே, எந்தப் போலீஸ் சொல்லிற்று என்பாள். துண்டை எடுத்து எறிந்துவிட்டு உட்கார்பவனும் உண்டே என்றேன். அவனை மற்ற நாற்பத்தொன்பது பேர் பார்க்கிற பார்வையைப் பார்த்திருக்கிறீர்களா, அதற்கு ஜெயிலே மேல் என்றாள்.

இரண்டாம் சான்றுக்காக என்னைக் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கே அழைத்துச் சென்றாள். திரும்பும்போது ஒன்பது பேர் அமரக்கூடிய ஜீப்பில் இருபத்தொரு பேர் இருந்தோம். என் மடியில் ஒரு சேவல் ஒப்படைக்கப்பட்டது. என் ஒப்புதலோ சேவலின் ஒப்புதலோ பெறப்படவில்லை. ஒரு வளைவில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி கைகாட்டினாள். யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. முன்னிருக்கையில் இருந்தவர் இறங்கிப் பின்படியில் தொற்றிக்கொண்டார், அவருடைய மூட்டை வேறொருவர் காலடிக்குப் போயிற்று, ஒரு கிழவர் சற்று நகர்ந்தார், வண்டி புறப்பட்டது. அந்தப் பயணத்தில் மீறப்பட்ட போக்குவரத்து விதிகளை நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் என் விரல்களைப் பிடித்து மடக்கி, “சேவல் வுழுந்துடும், கெட்டியாப் புடிங்க” என்றாள்.

ஓய்வு பெற்றபின் கள்ளக்குறிச்சியின் எல்லையில் மனை வாங்கினோம். எங்கள் தெரு தன் எல்லைக்குள் வரவில்லை என்று அருகிலிருந்த இரண்டு உள்ளாட்சி அமைப்புகளும் தனித்தனியே உறுதியாக நம்பின. எனவே குழாய் வரவில்லை. நான் கரும்பலகையில் எழுதிவந்த அரசற்ற நிலையில் இப்போது நாற்பதுக்கு அறுபது அளவில் எனக்குச் சொந்தமாக ஓர் இடம் இருந்தது. மனை விற்றவர் போட்டுத் தந்த ஆழ்துளைக் கிணறு ஒன்றுதான் பன்னிரண்டு வீடுகளுக்கும். மோட்டாரை யார் போடுவது, யார் நிறுத்துவது, சாவி யாரிடம் இருப்பது என்று முதல் வாரமே சண்டை மூண்டது. எதிர்வீட்டுக்காரர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை வரிசைப்படுத்தி ஓய்வு பெற்றவர். டோக்கன் இல்லாமல் உலகம் ஒரு முழம்கூட நகராது என்ற கருத்துடையவர். அவர் தலைவர், செயலாளர், நேர அட்டவணை என்று பேசிக்கொண்டிருக்கையில், என் மனைவி வீட்டுக்குள் போய்ச் சுத்தியலோடு வந்தாள். கதவு நிலையில் ஆணியை அடித்துச் சாவியை மாட்டினாள். தொட்டி காலியானதைப் பார்ப்பவர் போடட்டும், நிரம்பும் சத்தம் கேட்பவர் நிறுத்தட்டும் என்றாள்.

பூட்டின் பக்கத்திலேயே சாவியைத் தொங்கவிடுவதற்குப் பூட்டு எதற்கம்மா என்று ஆலைக்காரர் நியாயமாகவே கேட்டார்.

“பூட்டு ஆட்டுக்குங்க. சாவி மனுசனுக்கு.”

பதினோரு ஆண்டுகள் அந்தச் சாவி அங்கேயே தொங்கியது. ஊர் மாவட்டத் தலைநகரானபோது நான் மகிழ்ந்தேன். அரசாங்கம் கிட்டே வந்துவிட்டது, இனி ஜெராக்ஸ் கடை ஜாஸ்தியாகும் என்றாள் அவள். அப்படியே ஆயிற்று. எங்கள் தெருவில் மட்டும் தண்ணீர் எந்த நகலும் கேட்காமல் வந்துகொண்டிருந்தது. இந்த ஆடியில் அவள் போனாள். ஐப்பசியில் சாவி போயிற்று. படிவத்தை நீட்டியபோது ஆலைக்காரர் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்த குரலில் சொன்னார்: “அம்மா இருந்தவரைக்கும் ஓடிச்சி சார். இனிமே ஒரு தல வேணும்.”

அவர் சொன்னது என் கட்சி. நாற்பதாண்டு விவாதத்தில் நான் வென்றுவிட்டேன். கையெழுத்துப் போட்டால் போதும். எதிர்க்கட்சி இல்லாத அவையில் தீர்மானம் நிறைவேற்றுவது முறையா என்பதுதான் தெரியவில்லை. படிவத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பூட்டை உடைத்துப் புதுப்பூட்டு மாட்ட ஆள் அழைத்துவரப் பேருந்து நிலையத்தருகே இருக்கும் சாவிக்காரரிடம் போனேன். ஸ்கூட்டர் சாவிக்கொத்தை அவருடைய மேசைமேல் வைத்துவிட்டு விவரம் சொன்னேன்.

“அந்த மோட்டார் ரூம்பு பூட்டா?” என்று அவர் சிரித்தார். “அத இன்னாத்துக்கு சார் ஒடைக்கணும்? உங்க தெருவுலேர்ந்து எட்டுப் பேரு வந்து அதுக்குச் சாவி போட்டுக்கினு போயிருக்காங்க. ஒவ்வொருத்தரும் யார்கிட்டயும் சொல்லாதன்னுட்டுப் போனாங்க. நானும் சொல்லல.”

எட்டுப் பேர். காலை 9.05 மணியின் மர்மம் விலகியது. எட்டு வீடுகளில் எட்டு இரகசிய அரசுகள், ஒன்றையொன்று அறியாமல், ஒருநாளும் தண்ணீரைத் திருப்பிக்கொள்ளாமல், தினமும் ஆணிச் சாவியையே எடுத்து, ஆணியிலேயே மாட்டி வந்திருக்கின்றன. என் பாடத்திட்டத்தில் இதற்கு அலகு இல்லை.

“மொத மொத வந்தது ஒரு நர்சம்மா சார். அவங்க மட்டும் ரெண்டு போட்டாங்க.”

இரண்டு எதற்கு என்று கேட்டேன்.

“நானும் கேட்டேன். எங்கூட்டு வாத்தியாரு அரசாங்கம் வேணும் அரசாங்கம் வேணும்னு சொல்லிக்கினே கெடக்கறாரு, அவருக்கும் ஒண்ணு இருக்கட்டும்னாங்க.” அவர் பார்வை மேசைமேல் விழுந்தது. என் கொத்தை எடுத்து, வீட்டுச் சாவிக்கும் அலமாரிச் சாவிக்கும் நடுவிலிருந்த குட்டையான பித்தளைச் சாவியை விரலால் ஒதுக்கிக் காட்டினார். “இது என் கை சார். நீங்கதானா அந்த வாத்தியாரு?”

அந்தச் சாவியைப் பல ஆண்டுகளாக எனக்குத் தெரியும். எதற்குரியது என்று ஒருமுறை அவளைக் கேட்டிருக்கிறேன். “இருக்கட்டுமே, உங்களத் தின்னுதா?” என்றாள். ஆட்சி என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருக்க, நான் அதை நியாயப்படுத்திக்கொண்டிருந்தேன். தன் கொள்கையில் அவளுக்கே நம்பிக்கை இல்லாமல் மாற்றுச் சாவி செய்துகொண்டாளா, அல்லது தான் வென்ற விவாதத்தில் எனக்கு ஆறுதல் பரிசு தந்தாளா என்று இனிக் கேட்க முடியாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பேருந்து நிலையச் சாலையில் புழுதி அதிகம்.

மாலையில் அந்தச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினேன். மறுநாள் காலை பார்த்தபோது ஆணியில் நான்கு சாவிகள் தொங்கின. ஒன்றில் கரும்பாலையின் பித்தளை டோக்கன் கோக்கப்பட்டிருந்தது. கழற்ற மறந்திருப்பார். சற்று நேரத்தில் ஆலைக்காரர் வந்து, படிவம் என்ன ஆயிற்று என்று கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்றேன். அவர் ஆணியைப் பார்த்தார், டோக்கனைப் பார்த்தார், இருமினார். “அவசரமில்ல சார்” என்று சொல்லிவிட்டு, நான்கில் ஒன்றை எடுத்துக் கதவைத் திறந்து மோட்டாரைப் போட்டார். அது அவருடைய சாவி அன்று. என்னுடையது.

செய்யாமல் நிற்பவை:

சங்கப் படிவத்தில் கையெழுத்திடுதல்.

காணாமற்போன முதற்சாவியைத் தேடுதல்.

நான்கு சாவிகளின் கனத்தில் சாய்ந்துவிட்ட ஆணியை நிமிர்த்தி அடித்தல். சுத்தியலை அவள் எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை.

குடும்ப அட்டையிலிருந்து அவள் பெயரை நீக்க விண்ணப்பித்தல். அரசு இதுவரை கேட்கவில்லை. நானாகச் சொல்வதாக இல்லை.