வெள்ளைக் கூடத்து ஓர்ப்படி

பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் லித்தியத்தைப் பிரித்தெடுத்து, புது பேட்டரி செய்பவர்களுக்கு அனுப்புகிற தொழிற்சாலை அது. வீட்டு மருமகள்களில் மூத்தவளுக்கு உடைக்கும் கொட்டகையில் வேலை. செத்துப்போன போன், ஓடி ஓய்ந்த ஸ்கூட்டர் என்று எதெதிலிருந்தோ கழற்றி வந்த பேட்டரிகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடியவிட்டு, தகட்டைப் பிளப்பாள். உள்ளே கரும்பொடி. எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத கருப்பு.

கொழுந்தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான். "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரிந்தவளை, கொஞ்ச நாளிலேயே வெள்ளைக் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கரும்பொடியை அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, சலவை சோடா போட்டுச் சூடாக்கினால் லித்தியம் உப்பாகி வெள்ளை வெளேரென்று அடியில் படியும். அதை அலசி உலர்த்துவது அங்கே வேலை. வெள்ளை அங்கி, ஏசி, உட்கார நாற்காலி.

மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. வீட்டிலோ இளையவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

"அவ கையால எடுக்கறதுதான் நேரா புது பேட்டரிக்குள்ள போகுதாம்," என்றான் மூத்தவளின் புருஷனே.

'நான் உடைக்காம அவ எதைக் கரைப்பா?' என்று நாக்கு நுனி வரை வந்தது.

ஒருநாள் சூப்பர்வைசர் அவளை நிறுத்திக் கேட்டார்: "உங்க ஓர்ப்படியை அந்தக் கூடத்துக்குப் பொறுப்பா போடலாம்னு இருக்கோம். ஆளு எப்படி?"

"நல்ல பொண்ணுதான் சார். ஆனா அவசரக்குடுக்கை. வடிகட்டி முடியற வரைக்கும் பொறுமையா நிக்கமாட்டா."

பச்சைப் பொய். மறு வாரமே இளையவள் கொட்டகைக்குத் திரும்பி வந்தாள்.

மூத்தவளுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி நிலைக்கத்தான் இல்லை. வந்தவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. "உங்க பக்கத்துலயே இருக்கறதும் நல்லாத்தான் இருக்குக்கா," என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டினாள். பூப்போலத் தகட்டைப் பிரித்தாள். அவள் வாயைத் திறந்தால் மேஜையே குலுங்கிச் சிரித்தது. ஆண்டுக்கணக்கில் கூட வேலை பார்த்தவர்கள்கூட மூத்தவளைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் இடம் பிடித்தார்கள். வீட்டில் கேட்ட புகழ்ச்சி போதாதென்று, இப்போது நாள் முழுக்கக் கண்ணெதிரே அதே கூத்து.

பொறுக்க முடியாமல் சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு சார். அவ அவசரக்காரி இல்ல. அவளை வெள்ளைக் கூடத்துக்கே அனுப்பிடுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஓர்ப்படிக்காக இப்படி வந்து பேசறீங்களே! உங்களுக்குப் பெரிய மனசும்மா."

இளையவள் பொறுப்பாளரானாள். "எல்லாம் அக்கா சொல்லித்தான்," என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மாமியார் முதல்முறையாக மூத்தவளின் கன்னத்தைத் தடவினாள். அந்தப் பெருமையை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, வேண்டாமென்று தள்ளவும் முடியவில்லை.

இரண்டு நாளாகக் கொட்டகையில் சிரிப்புச் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் மூத்தவள் கரும்பொடி டிரம்மைத் தள்ளிக்கொண்டு வெள்ளைக் கூடத்து வாசலுக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளையவள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வார்த்தைகூட வெளியே கேட்கவில்லை.

மூத்தவள் கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள்.

"என்னடி அங்க சிரிப்பு? எனக்கும் சொல்லேன்!"