செரி மரத்தில் நான் போட்ட வெட்டு

என் மருமகள் ஆசையாய் வளர்த்த மரத்தை நான் கத்தியால் கொத்தினேன். பிறகு அதை மறைப்பதற்கு, காலமாகிவிட்ட என் மனைவியின் பெயரைப் பயன்படுத்தினேன். இரண்டாவதுதான் பெரிய பிழை. ஊரில் இருப்போருக்கும், என்னைப்போல் வயதுபோன காலத்தில் இங்கு வந்து சேர்ந்தோருக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு மகன் பாலன் என்னை நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு எடுப்பித்தான். ஏவன்டேலில், ரயில் பாதைக்குக் கிட்டிய வீடு. நான் வந்திறங்கியது ஓகஸ்ட் மாதம். ஊரில் புழுதி பறக்கும் அந்த மாதத்தில் இங்கே நல்ல குளிர். மறுநாள் காலை பின்கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வளவில் ஒரு மரம். ஓர் இலைகூட இல்லை. விறகுபோல் காய்ந்து தெரிந்த கொப்புகள் முழுக்க இளஞ்சிவப்புப் பூ. கழுத்தில் வெள்ளைக் குஞ்சம் கட்டிய கருநிறப் பறவைகள் தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்தன. ஒன்றையொன்று விரட்டிச் சண்டை பிடித்தன. தூயி என்று மருமகள் சுகந்தி பெயர் சொன்னாள். நான் தாவரவியல் படிப்பித்த வாத்தியார். முள்முருக்கு இலையுதிர்த்துப் பூப்பதைப் பார்த்தவன்தான். ஆனால் அது வெயிலில் பூப்பது. மூச்சு புகையாகப் போகும் குளிரில், மழையில் நனைந்தபடி ஒரு மரம் இப்படித் தன்னைக் கொட்டி நிற்பதைக் கண்டபோது கைகூப்பத்தான் தோன்றியது.

“தைவான் செரியும் ஜப்பான் செரியும் கலந்த ஹைபிரிட், மாமா. பழச்செரிக்கு இந்தக் குளிர் காணாது. இதுதான் இங்க நிக்கும்” என்றாள் சுகந்தி.

வீடு வாங்கிய கையோடு அவள் வைத்த மரம். வேறு பூ கிடைக்காத மாதத்தில் சாமிப் படத்துக்கு அதிலிருந்துதான் ஒரு கைப்பிடி பூ. பாபடோயிட்டோயிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்தால், குளிர்ச்சட்டையோடு அதன் கீழே பாய் விரித்துப் புட்டும் கறியும் சாப்பிடுவோம். மங்கரே விமான நிலையச் சமையலறையில் வேலை முடிந்து விடியலில் வரும் சுகந்தி, அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் படுக்கப் போவாள்.

கோடை வந்தது. நான் பழத்துக்குப் பார்த்திருந்தேன்.

“எப்ப பிள்ளை காய்க்கும்?”

“காய்க்காது மாமா. பூக்கத்தான் வைச்சது.”

“அப்ப என்னத்துக்கு இவ்வளவு தண்ணி?”

“உங்களுக்கும்தான் தேத்தண்ணி ஊத்திறன். நீங்கள் காய்க்கிறீங்களோ?” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால் மனம் விடவில்லை. எங்கள் பக்கத்தில் காய்க்காத மாவுக்கும் பலாவுக்கும் ஒரு வைத்தியம் உண்டு. ஒருவர் கத்தியோடு போய், “காய்க்கிறியோ, தறிக்கட்டோ?” என்று மரத்தை வெருட்டிப் பட்டையில் கொத்துவார். இன்னொருவர் மரத்துக்காகப் பரிந்து, “விடுங்கோ, வாற வருசம் காய்க்கும்” என்று கையைப் பிடிப்பார். மரத்துள் நீர் ஏறும் காழ், உணவு இறங்கும் உரியம் என்று கரும்பலகையில் கீறிக் காட்டிய நான், அடுத்த குளிர்காலத்தில், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு பகலில், இறைச்சி வெட்டும் கத்தியோடு போய் அதைச் செய்தேன். பரிந்து பேச ஆளில்லை. வேலியின் மேலாகத் தலை நீட்டியவர் பக்கத்து வீட்டு ஜோன்.

“ஓ, லவ்லி! உங்கள் மனைவியின் பெயரைச் செதுக்குகிறீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கத்தியோடு நின்றவனுக்கு அது நல்ல வழியாகத் தெரிந்தது. ஆம் என்றேன்.

அன்று மாலையே ஜோன் அதைச் சுகந்தியிடம் சொல்லிவிட்டார். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “மாமியின்ர பேரில ஓர் எழுத்தும் தெரியேல்லையே, மாமா?” என்றாள்.

“பிசின் மூடிப்போட்டுது, பிள்ளை.”

அவள் கண் கலங்கியது.

அந்த ஓகஸ்டில் மரம் முந்தின வருசத்தைவிட அதிகமாய்ப் பூத்ததாக எனக்குப் பட்டது. என் வைத்தியம் பலித்துவிட்டது என்று உள்ளூர மகிழ்ந்தேன். பின்பு விரிந்த இலைகளில் பச்சைக்கு மேல் ஒரு வெள்ளி மினுக்கம். காற்றடித்தால் மரமே மீன்கூட்டம்போல் மின்னியது. அத்தனை அழகான ஒன்றை நான் கண்டதில்லை. வந்தவர்களை எல்லாம் கூட்டிப்போய்க் காட்டினேன்.

கொப்புகள் காயத் தொடங்கியபோது பாலன் நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவரை அழைத்து வந்தான். அவர் ஓர் இலையைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். அந்த வெள்ளிதான் நோய். செரியைக் கோடையில் மட்டுமே வெட்டலாம். மழைக்குளிரில் வெட்டினால் காயத்தின் வழியே பூஞ்சணம் உள்ளே போய்விடும். “யார் இதைக் கொத்தியது?” என்று கேட்டார்.

“அது எங்கள் மாமியின் பெயர்” என்று ஆங்கிலத்தில் முந்திச் சொன்னாள் சுகந்தி. “அதைப்பற்றிக் கேட்க வேண்டாம்.”

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. அவர் போனதும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காய்ந்த கொப்பொன்றை முறித்தாள்.

“மரம் போனா இன்னொண்டு வைக்கலாம். நான் மாமியெண்டு நினைச்சு அந்தக் காயத்தைத் தடவிப்போட்டெல்லோ ஒவ்வொரு நாளும் படுக்கப் போனனான்.”

மரத்தைத் தறித்து எரித்தோம். அதற்கு முன், நோய் எட்டாத ஓர் ஓரக் கொப்பிலிருந்து மொட்டுகள் எடுத்து, அந்த நாற்றுப்பண்ணைக்காரரிடம் கேட்டுக் கேட்டு வேறு கன்றுகளில் ஒட்டினேன். ஒன்றே ஒன்று பிடித்தது. அதை வளவின் மறுகரையில் நட்டேன். வேலியோரம் போய் ஜோனிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

போன ஓகஸ்டில் கன்று முதன்முதலாகப் பூத்தது. என் தோளுயரம்கூட இல்லை. ஒரு தூயி வந்து தொங்க, தண்டு வளைந்து நிலத்தைத் தொட்டு நிமிர்ந்தது. சுகந்தி வேலையால் வந்தவள், தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். “பூத்திருக்கு” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வருவோர் கேட்டால் அவள், “அது மாமாவின்ர மரம்” என்கிறாள். நான் அதை அவளுக்காகத்தான் வைத்தேன். அந்தச் சொல்லில் மன்னிப்பு இருக்கிறதா, வேண்டாமென்று திருப்பித் தருகிறாளா, எனக்கு விளங்கவில்லை. ஊரில் என் பெயரில் இருந்த வீடு எரிந்துவிட்டது. இந்த நாட்டில் என் பெயரில் இருப்பது அது ஒன்றுதான்.